எப்பவாவது மட்டும் மக்கர் பண்ணும் மெஷின்: கிரேஸ் ஹாப்பரின் கதை

கிரான்ல ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வச்சிருக்கீங்க. தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடணும். திங்கள் ஓடிச்சு, செவ்வாய் ஓடிச்சு, புதன் ஓடல. வியாழன் மறுபடியும் சமத்தா ஓடிச்சு. காலையில கையால ஓட்டிப் பார்த்தா ஒரு குறையும் இல்ல. இருக்கிற பிழைகளிலேயே மோசமான பிழை இதுதான். எப்பவுமே ஓடாத ப்ரோக்ராமைத் திருத்திடலாம். எப்பவாவது மட்டும் ஓடாத ப்ரோக்ராமை என்ன பண்றது? நாம உட்கார்ந்து பார்த்தா ஒளிஞ்சுக்கும், எழுந்து போனதும் வந்துடும்.

இந்தத் தலைவலி லினக்ஸோட பிறந்தது இல்லை. கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே இருக்கு. அந்த முதல் நாட்களிலேயே இதோட மல்லுக்கட்டிய ஒருவர்தான் கிரேஸ் ஹாப்பர். நம்மில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு ஸ்லைடுதான்: கம்ப்யூட்டருக்குள்ள பூச்சி கிடைச்சது, அதனால 'பக்' என்ற பெயர் வந்தது. அந்த ஸ்லைடில் பாதி தப்பு. மீதிக் கதை அதைவிட நல்லா இருக்கும்.

ஏழு அலாரம் கடிகாரங்கள்

கிரேஸ் ப்ரூஸ்டர் முர்ரே 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அப்பா இன்சூரன்ஸ் துறையில் இருந்தார். அம்மாவுக்குக் கணிதத்தில் ஆசை. அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரு சிவில் இன்ஜினியர். அவர் நிலம் அளக்கப் போகும்போது பேத்தியையும் கூட்டிப் போவார். சிவப்பு வெள்ளைக் கோலைப் பிடித்து நிற்பது பேத்தியின் வேலை.

ஏழு வயதில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அலாரம் கடிகாரம் சொன்ன நேரத்துக்குச் சரியா எப்படி அடிக்குது? வீட்டில் இருந்த ஒன்றைக் கழற்றினார். திரும்பச் சேர்க்கத் தெரியல. சரி, இன்னொன்றைக் கழற்றினால் புரியும் என்று அதையும் கழற்றினார். அம்மா கண்டுபிடிப்பதற்குள் வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் திருகும் சக்கரமுமா கிடந்தது. நம்ம வீடா இருந்தா முதுகு பழுத்திருக்கும். அவர் அம்மா செய்தது வேற. ஆறு கடிகாரங்களை எடுத்து வைத்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இந்த ஒன்று மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

இது சும்மா ஒரு குழந்தைக் குறும்பு மாதிரி தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரே பிரச்சினைக்கு ஏழு மெஷினைக் கழற்றாம, ஒண்ணை மட்டும் தனியா வச்சுக் கழற்றிப் பார்க்கணும். லைவ் சர்வரில் கை வைக்கிற எல்லாருக்கும் முதல் பாடம் அதுதானே?

வாசர் கல்லூரியில் சேர 16 வயதில் விண்ணப்பித்தார். லத்தீன் மொழியில் மதிப்பெண் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் இடம் கிடைத்தது. 1928-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் வாங்கினார். 1930-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம். அதே வருடம் வின்சென்ட் ஃபாஸ்டர் ஹாப்பர் என்பவரோடு கல்யாணம். 1934-ல் யேலிலேயே கணிதத்தில் டாக்டர் பட்டம். இதற்கிடையில் 1931 முதல் வாசரில் ஆசிரியர் வேலை. அப்படியே ஓய்வு பெறும் வரை பாடம் நடத்தியிருந்தால், யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

எடை குறைவு, வயது அதிகம்

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது. ஹாப்பர் கடற்படையில் சேர நினைத்தார். வயது அதிகம் என்றார்கள். எடையும் போதவில்லை: குறைந்தது 120 பவுண்டு வேண்டும், அவர் 105 பவுண்டுதான், அதாவது சுமார் 48 கிலோ. விதிவிலக்கு கேட்டு வாங்கிக்கொண்டு, 1943 டிசம்பரில் பெண்களுக்கான கடற்படை ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார். 1944 ஜூலையில் அவரை ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் எய்க்கன் என்ற கடற்படை அதிகாரி தலைமையில் ஒரு கணக்கு மெஷின் இருந்தது. அதன் பெயர் மார்க் 1.

ஐபிஎம் கட்டிக்கொடுத்த அந்த மெஷின் 51 அடி நீளம், 8 அடி உயரம். நம்ம டவுன் பஸ்ஸை விட நீளம். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். நீளமான ஒரு அச்சை 5 குதிரைத்திறன் மோட்டார் சுற்றும். அந்தச் சுழற்சிதான் மெஷினுக்கே கடிகாரம். ஒரு நொடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்கு சுமார் 6 நொடி, ஒரு வகுத்தலுக்கு 15 நொடிக்கு மேல். கட்டளைகள் எல்லாம் துளையிட்ட காகித நாடாவில் இருக்கும். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடணும்னா நாடாவின் ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். லூப் என்றால் நிஜமாகவே கையால் தொடக்கூடிய லூப்!

ஹாப்பர் வந்து சேர்ந்ததும் கையில் ஒரு கணக்கைக் கொடுத்து சில நாட்களில் முடிக்கச் சொன்னார் எய்க்கன். சொல்லித்தர ஆசிரியரும் இல்லை, புத்தகமும் இல்லை. ஏற்கெனவே அங்கே இருந்த ரிச்சர்ட் ப்ளாக், ராபர்ட் கேம்பெல் என்ற ரெண்டு இளம் அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு அந்த இல்லாத புத்தகத்தையும் எய்க்கன் அவரையே எழுதச் சொன்னார். 500 பக்கத்துக்கு மேற்பட்ட அந்தக் கையேடு 1946-ல் வெளிவந்தது.

ராத்திரியில் ஓடும் மெஷின்

மார்க் 1 இரவு பகலாக ஓடியது. ப்ரோக்ராம் எழுதியவர் எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாது. நாடாவையும் அட்டைகளையும் மாற்றிப் போடுவது ஷிஃப்டில் வரும் கடற்படை ஆட்கள். எனவே கணக்கை எழுதுபவர் மெஷினுக்கு ஒரு கட்டளைத் தொகுப்பும், மனிதர்களுக்கு ஒரு கட்டளைத் தொகுப்பும் எழுத வேண்டும். இந்த இடத்தில் நின்றால் இந்த நாடாவை மாற்று, இந்த விளக்கு எரிந்தால் இதைச் செய். இன்னைக்கு நாம ரன்புக் என்று சொல்வது அதுதான்.

அந்தக் குழு இன்னொரு வேலையும் செய்தது. கணக்கின் நடுவிலேயே சோதனைப் படிகளை வைத்தார்கள். ஒரே விடையை வேறு வழியில் கணக்கிட்டு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினால் மெஷின் தானாக நிற்க வேண்டும். ஏன் இவ்வளவு கவனம்? அந்த எண்கள் போர்க் கருவிகளுக்குப் போயின. குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைக்குப் போயின. 1944-ல் கணித மேதை ஜான் வான் நாய்மன் ஒரு பெரிய சமன்பாட்டோடு அங்கே வந்தார். அது எதற்கு என்று குழுவுக்குச் சொல்லவில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதி என்பது பிறகுதான் தெரிந்தது. நின்றுபோன மெஷினால் வரும் நஷ்டம் சில மணி நேரம். நிற்காமல் தப்பான விடையை அச்சடிக்கும் மெஷினால் வருவது அதைவிட ரொம்பப் பெரிய ஆபத்து.

நம்ம ஸ்கிரிப்ட்களைப் பாருங்க. நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும், ஷெல் கவலையே படாம அடுத்த வரிக்குப் போயிடும். பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் பதில் சொல்லாத ராத்திரியில் பூஜ்ய பைட் ஃபைலை உருவாக்கி, நேற்றைய நல்ல ஃபைல் மேல அதை எழுதிட்டு, வெற்றி என்று சொல்லிட்டுப் போயிடும். அந்த ஃபைலின் அளவை ஒரு வரியில் சோதித்து, குறைவா இருந்தா அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தா இந்தக் கதி வராது. மார்க் 1 குழு 80 வருஷத்துக்கு முன்னாடியே காகித நாடாவில் செய்த வேலை இது.

1947 செப்டம்பர் 9

போர் முடிந்தது. 1945-ல் ஹாப்பரின் திருமணமும் விவாகரத்தில் முடிந்தது. கடற்படையின் நிரந்தரப் பிரிவில் சேர விண்ணப்பித்தார். வயது வரம்பு 38, அவருக்கு அதைத் தாண்டிவிட்டது. வாசர் கல்லூரி திரும்ப அழைத்தது. போகாமல் ஹார்வர்ட் ஆய்வகத்திலேயே தங்கினார். அங்கே கடற்படைக்காக மார்க் 2 உருவாகிக்கொண்டிருந்தது.

மார்க் 2 முழுக்க ரிலேக்களால் ஆனது. ரிலே என்பது காந்தத்தால் மூடித் திறக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். காந்தச் சுருளில் மின்சாரம் போனால் உள்ளே ரெண்டு உலோக முனைகள் ஒட்டும், நின்றால் பிரியும். முனைகளுக்கு நடுவில் ஒரு தூசி வந்தாலும் போச்சு. பத்து தடவை சரியாக ஒட்டும், பதினோராவது தடவை ஒட்டாது. நாம பேசிக்கொண்டிருக்கும் எப்பவாவது வரும் பிழையின் சொந்த ஊரே அதுதான்.

1947 செப்டம்பர் 9-ம் தேதிப் பதிவேட்டுப் பக்கம் இன்றும் இருக்கிறது. எல்லாரும் அதில் பூச்சியை மட்டும்தான் பார்க்கிறோம். மேலிருந்து கீழே பார்த்தால் ஒரு நாள் முழுக்க நடந்த தேடல் தெரியும். காலை 8 மணிக்கு ஒரு கணக்கு தொடங்குகிறது. 10 மணிக்கு நிறுத்துகிறார்கள். ஒரு விடையையும் அதன் சரியான மதிப்பையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வேகச் சோதனையில் சில ரிலேக்கள் தேறவில்லை, மாற்றுகிறார்கள். 11 மணிக்கு முக்கோணவியல் நாடா ஒன்றை ஓட்டுகிறார்கள். பிற்பகல் 3.25-க்குக் கூட்டல், பெருக்கல் பகுதிகளுக்குச் சோதனை. 3.45-க்கு எஃப் பேனலில் 70-ம் எண் ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி. அதை எடுத்து டேப் போட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, முதன்முதலாக நிஜமான பூச்சியே கிடைத்துவிட்டது என்ற மாதிரி கிண்டலாக ஒரு வரி எழுதினார்கள். 4.30-க்கு மறுபடியும் கணக்கு தொடங்குகிறது. 5 மணிக்கு மெஷினை மூடுகிறார்கள்.

கிண்டலைக் கவனிச்சீங்களா? பிழைக்கு 'பக்' என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால்தான் அந்த ஜோக் எடுபடும். 1870-களிலேயே எடிசன் தன் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியைக் கண்டுபிடித்ததும் ஹாப்பர் இல்லை, அவரோடு வேலை பார்த்தவர்கள். இந்தக் கதையை வாழ்நாள் முழுக்க மேடை மேடையாகச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் ஹாப்பர். ஸ்லைடில் தப்பு என்று மேலே சொன்னது இதைத்தான்.

எனக்கு அந்தப் பக்கத்தில் பூச்சியைவிடப் பிடித்தது அந்த நேரங்கள்தான். 8, 10, 11, 3.25, 3.45, 4.30, 5. என்ன ஓடியது, எப்போது ஓடியது, எது தப்பா வந்தது, எதை மாற்றினோம், மாற்றிய பிறகு என்ன ஆச்சு. அதோட, அவர்கள் தேடிய முறை. முழு மெஷினையும் சந்தேகப்படாமல் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கிற நாடாவை ஓட்டி, பேனல், அந்தப் பேனலில் ரிலே என்று சுருக்கிக்கொண்டே போனார்கள். கிரான் ஜாப் தோற்ற ராத்திரி உங்க லாக் ஃபைலில் நேரம் இருக்கா? பிழைச் செய்திகள் தனியா ஒரு ஃபைலுக்குப் போகுதா, இல்ல காற்றோட போயிடுச்சா? அந்தக் கட்டளை முடிஞ்சபோது என்ன எண்ணைத் திருப்பித் தந்தது? இது எதுவுமே இல்லாம ஸ்கிரிப்டை மாத்தி மாத்தி எழுதுறது, கண்ணை மூடிக்கிட்டு ரிலேயைப் பிடுங்குற மாதிரிதான்.

செக் புக் கணக்கு ஏன் இடிக்குது?

1949 ஹாப்பருக்கு மோசமான வருடம். ஹார்வர்டில் அவருக்கு மேலே போக வழி இல்லை, ஒப்பந்தமும் முடிந்தது. வேலைப்பளுவிலும் தனிமையிலும் குடிப்பழக்கம் ஏறியிருந்தது. நண்பர்கள் கவலைப்படும் அளவுக்குப் போய், பிறகு மீண்டு வந்தார். பெரிய மனிதர்களின் கதையில் இந்த மாதிரிப் பக்கங்களைக் கிழித்துவிடுவது நம்ம வழக்கம். ஆனா அவர் பிறகு செய்த வேலைகளின் எடை, இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

அந்த வருடம் பிலடெல்ஃபியாவில் எக்கர்ட்-மாக்லி கம்பெனியில் சேர்ந்தார். எனியாக் செய்த அதே எக்கர்ட், அதே மாக்லி. அங்கே பைனாக் என்று ஒரு மெஷின். அதற்கு எட்டடிமான எண்களில் கட்டளை எழுத வேண்டும். 7-க்கு அடுத்து 10. எட்டடிமானத்தில் கூட்டி, கழித்து, பெருக்கி ஹாப்பர் பழகிப்போனார்.

கொஞ்ச நாளில் ஒரு சிக்கல். மாசக் கடைசியில் அவருடைய செக் புக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு பார்த்தும் பிடிபடல. அவருடைய தம்பி வங்கியில் வேலை பார்த்தவர். உட்கார்ந்து சில மாலைகள் செலவழித்துக் கண்டுபிடித்தார். அக்கா பெரும்பாலும் ஒழுங்காகத்தான் கழித்திருந்தார். அங்கங்கே சில இடத்தில் மட்டும் எட்டடிமானத்தில் கழித்து வைத்திருந்தார்!

படிச்சதும் சிரிப்பு வரும். ஆனா இதே பிழை இன்னைக்கும் நம்ம ஷெல் ஸ்கிரிப்ட்ல உயிரோட இருக்கு. பேஷ் ஷெல்லில் கணக்குப் போடும்போது, 0-வில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமானம் என்று எடுத்துக்கொள்ளும். இப்போ ஒரு ஸ்கிரிப்ட், டேட் கட்டளையிடம் இப்போ மணி என்ன என்று கேட்டு அதில் ஒன்றைக் கழிக்கிறது என்று வைங்க. 07 வந்தால் பிரச்சினை இல்லை, எட்டடிமானத்திலும் அது ஏழுதான். 10 வந்தாலும் பிரச்சினை இல்லை, முன்னால் 0 இல்லையே. 08-ம் 09-ம் வந்தால் மட்டும் செத்துவிழும், ஏன்னா எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கமே கிடையாது. நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை ஓடுற ஜாப், காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் மட்டும் தோற்கும். மாத எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் கொடுமை: வருஷம் பூரா ஓடிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் படுத்துக்கும். ஆகஸ்டில் டிக்கெட் வரும், ஆராய்ந்துகொண்டே இருப்போம், அக்டோபர் வந்ததும் தானா சரியாயிடும், டிக்கெட்டையும் மூடிடுவோம்! எண்ணுக்கு முன்னால் 10# என்று போட்டு, இது பத்தடிமானம்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தம்பி செய்ததையும் நாம செய்யலாம். ஒரு தோல்வியை மட்டும் எடுத்து முறைச்சுப் பார்க்காம, தோற்ற எல்லாத்தையும் வரிசையா எழுதி, இவங்களுக்குள்ள என்ன ஒற்றுமை என்று கேட்கணும். எல்லாமே 8 மணியா? எல்லாமே மாசத்தின் கடைசி நாளா? எல்லாமே பேக்கப் ஓடுற நேரமா? எப்பவாவது வரும் பிழைன்னு நாம சொல்றதில் நிறைய, ஒழுங்கா ஒரு விதிப்படி வரும் பிழைதான். விதி நமக்கு இன்னும் தெரியலை, அவ்வளவுதான்.

மனுஷங்க காப்பி அடிச்சா தப்பு வரும்

அந்த நாட்களில் லைப்ரரி என்றால் நோட்டுப் புத்தகம். சைன் கணக்கிடும் கட்டளைகள் ஒருவர் நோட்டில் இருக்கும். வேண்டும் என்கிறவர் வாங்கிக் கையால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். புது ப்ரோக்ராமில் அது வேறு இடத்தில் உட்காரும் என்பதால் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு எண்ணைக் கூட்டி எழுத வேண்டும். ஹாப்பர் கவனித்தார்: கெட்டிக்கார ப்ரோக்ராமர்களுக்குக்கூட ஒழுங்காகக் கூட்ட வரவில்லை, ஒழுங்காகப் பார்த்து எழுதவும் வரவில்லை. ஒரு எழுத்து இன்னொரு எண் மாதிரித் தெரியும். இந்தத் தப்புகள் ஒவ்வொரு ப்ரோக்ராமிலும் வேறு வேறு இடத்தில் வரும்.

பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மெஷின் நல்லாச் செய்யும் வேலை. அதையே அதனிடம் கொடுத்தால் என்ன? 1951, 52-ல் யூனிவாக் மெஷினுக்காக ஏ-0 என்ற ஒன்றை உருவாக்கினார். துணை நிரல்களை எண் சொல்லிக் கூப்பிட்டால், அது நாடாவிலிருந்து எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒரே ப்ரோக்ராமாகத் தைத்துக் கொடுக்கும். அதற்குக் கம்பைலர் என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்குப்படி அது லிங்கர், லோடருக்குத்தான் நெருக்கம். அப்போது பலர் நம்பவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடும், ப்ரோக்ராம் எழுதுமா என்று கேட்டார்கள். ஹாப்பர் ஓட்டியே காட்டினார்.

கோபால் என்று ஒரு மொழி

அடுத்த ஆசை இன்னும் பெரியது. கம்பெனிக் கணக்கர்களுக்குக் கணிதக் குறியீடு பிடிக்காது. ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுத விட்டால்? அப்படி வந்தது ஃப்ளோ-மேட்டிக். 1959-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கம்ப்யூட்டர் கம்பெனிகளையும் பயனாளர்களையும் கூப்பிட்டு, எல்லா மெஷினுக்கும் பொதுவான ஒரு வணிக மொழி வேண்டும் என்று பேசியது. அந்தக் குழு உருவாக்கியதுதான் கோபால். (பக்கத்துத் தெரு கோபால் மாமா இல்லை.) ஜீன் சேமட் உள்ளிட்ட பலர் சேர்ந்து வடிவமைத்த மொழி அது. ஹாப்பர் அதற்கு ஆலோசகர். அதன் பல அடிப்படைகள் அவருடைய ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்து வந்தவை. 1960 டிசம்பரில் ஒரே கோபால் ப்ரோக்ராமை ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற ரெண்டு வேறு கம்பெனி மெஷின்களில் ஓட்டிக் காட்டினார்கள்.

இன்றும் பல வங்கிகளில் ராத்திரி நேரத்தில் ஓடும் பேட்ச் ஜாப்களில் கோபால் இருக்கிறது. நமக்குக் கிரான் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

ஆனா மொழி பொதுவாகிவிட்டால் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஹாப்பர் 1966 டிசம்பர் 31 அன்று, 60 வயதில் கடற்படை ரிசர்விலிருந்து ஓய்வு பெற்றார். 1967 ஆகஸ்டில் ஆறு மாசத்துக்கு மட்டும் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாசம் பல வருஷமாக நீண்டது. கடற்படையில் ஆளுக்கொரு கம்பெனியின் கம்பைலர். எல்லாமே கோபால் என்றுதான் சொல்லிக்கொண்டன. ஒரு இடத்தில் ஓடிய ப்ரோக்ராம் இன்னொரு இடத்தில் வேறு மாதிரி நடந்தது. ஹாப்பரின் குழு சோதனை ப்ரோக்ராம்களை எழுதி, ஒவ்வொரு கம்பைலரும் உண்மையிலேயே தரத்தின்படிதான் நடக்குதா என்று பரிசோதித்தது.

உங்க டெர்மினலில் ஓடுற ஸ்கிரிப்ட் கிரானில் ஏன் ஓடல என்ற கேள்விக்கும் பதில் இதே இடத்தில்தான். ஸ்கிரிப்ட் ஒண்ணுதான், சுற்றுப்புறம் வேற. நீங்க லாகின் பண்ணினா உங்க அமைப்புகள் எல்லாம் ஏறும். கிரான் கிட்டத்தட்ட வெறுங்கையோட தொடங்கும். கட்டளைகளைத் தேடும் பாதை சின்னதா இருக்கும், வேலை செய்யும் ஃபோல்டர் வேறயா இருக்கும். சர்வர் உலக நேரத்தில் இருந்தா நம்ம நேரத்துக்கும் அதற்கும் அஞ்சரை மணி வித்தியாசம், அதனால தேதியே மாறிப்போகும். முழுப் பாதையை எழுதுவது, தேவையான மாறிகளை ஸ்கிரிப்டிலேயே வைப்பது, சோதிக்கும்போதும் அதே வெறுங்கையோட ஓட்டிப் பார்ப்பது. ரெண்டு மெஷினிலும் ஓட்டிக் காட்டு என்று 1960-ல் கேட்டதும் இதைத்தான்.

முப்பது சென்டிமீட்டர் கம்பி

வயதான பிறகு ஹாப்பர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுக் கம்பி கொடுப்பார். நீளம் 11.8 அங்குலம், சுமார் 30 சென்டிமீட்டர். ஒரு நானோ நொடியில் ஒளி போகக்கூடிய அதிகபட்ச தூரம். பக்கத்தில் ஒரு பெரிய கம்பிச் சுருளை வைத்திருப்பார்: 984 அடி, ஒரு மைக்ரோ நொடி. சாட்டிலைட் வழியா செய்தி போக ஏன் நேரமாகுது என்று கேட்கும் அதிகாரிகளுக்கு அந்தக் கம்பிதான் பதில். நடுவில் எத்தனை நானோ நொடி கிடக்கு பாருங்க!

நேரத்தைக் கண்ணால் பார்க்க வைத்ததுதான் அதன் அழகு. நம்ம ஜாப்களுக்கும் நீளம் உண்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தொடங்கும் ஜாப், வழக்கமா மூணு நிமிஷத்தில் முடியும். நெட்வொர்க் மெதுவான ஒரு நாள் ஏழு நிமிஷம் எடுத்தால், பழசு முடியும் முன்னே புதுசு தொடங்கி, ரெண்டும் ஒரே ஃபைலில் எழுதும். நாம போய்ப் பார்க்கும்போது நெட்வொர்க் சரியாகியிருக்கும். எஃப்லாக் மாதிரி ஒரு பூட்டுப் போட்டால் ரெண்டாவது ஜாப் உள்ளேயே வராது. அதோட, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ரெண்டையும் லாகில் எழுதினால் கம்பி எவ்வளவு நீளம்னு நமக்கே தெரியும்.

அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றும். நேரம் சரியாகத்தான் காட்டும், எண்கள் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும். எப்பவும் இப்படித்தான் செய்றோம் என்ற பதில் அவருக்கு ஆகவே ஆகாது. அதற்கு அந்தக் கடிகாரமே மறுப்பு. ஏழு வயதில் கடிகாரத்தைக் கழற்றிய ஆள் ஆச்சே!

1973-ல் கேப்டன், 1983-ல் கமோடோர், 1985-ல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டனில் நின்ற யூஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஓய்வு பெற்றார். வயது 79. அப்போது அமெரிக்கக் கடற்படையில் பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர். அதோட வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்து, மறுபடியும் மேடை, மறுபடியும் கம்பித் துண்டு. 1992 ஜனவரி 1 அன்று ஆர்லிங்டனில் தன் வீட்டில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

எடை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப் பார்த்த அதே கடற்படை, பிறகு ஒரு போர்க்கப்பலுக்கு யூஎஸ்எஸ் ஹாப்பர் என்று பெயர் வைத்தது. 1997 முதல் பணியில் இருக்கும் அந்தக் கப்பலின் எண் 70. அந்துப்பூச்சி கிடைத்த ரிலேயின் எண்ணும் 70. வரிசைப்படி வந்த எண்தான், தற்செயல்தான். அந்தப் பூச்சி ஒட்டிய பதிவேடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்க. முதலில் பூச்சி கண்ணில் படும். அதைத் தாண்டி இடப்பக்க ஓரத்தில் வரிசையா இருக்கும் அந்த நேரங்களைப் பாருங்க.